எந்தப் போலிஷ் படிப்பது?

வீரபாண்டிக்குப் போலந்து எங்கே இருக்கிறதென்று தெரியாது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ராஸ் அல் கைமா எங்கே இருக்கிறதென்றும் வந்து இறங்குகிற வரைக்கும் அவனுக்குத் தெரியாது. கமுதியில் ஏஜெண்டு 'துபாய்' என்றுதான் சொன்னான். இவனும் துபாய் என்றே நம்பி வேனில் ஏறினான். உயரமான கட்டடங்கள் முன்னால் வந்ததைப் பார்த்தான், அவை பின்னால் போனதையும் பார்த்தான். கடைசியில் மொட்டை மலையும் தூசியும் டைல்ஸ் கம்பெனியுமாக இருந்த ஓரிடத்தில் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஊர்ப் பெயர்களை அவன் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

விசாப்படி அவன் கொத்தனார். செய்கிற வேலையோ டைல்ஸ் வேகிற சூளையில் தீ பார்ப்பது. கொத்துக்கரண்டியைக் கையால் தொட்டது கிடையாது. இதிலும் வியக்க ஒன்றுமில்லை. சமையல்காரன் விசாவில் வந்த சோலைமுத்து, பக்கத்துக் கட்டிலில் படுப்பவன், பகலெல்லாம் லாரியில் களிமண் ஏற்றினான். டிரைவர் விசாவில் வந்த ஒருவனுக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. விசா கொடுக்கிற அரபி முதலாளியான கபீல் கையில் எது மிச்சம் இருக்கிறதோ அதுதான் நம் தொழில். நம் ஊரில் சாதி பிறப்பால் வருகிறது, வளைகுடாவில் விசாவால் வருகிறது. ஊரிலாவது செத்தால் மாறும் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

அந்தச் சாதிக்கட்டுப்பாட்டில் முதல் கட்டுப்பாடு, லேபர் விசாக்காரன் பெண்டாட்டியைக் கூட்டி வரக்கூடாது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் வீரபாண்டி நாகஜோதியோடு சேர்ந்து இருந்தது மூன்று லீவு. மற்றதெல்லாம் கேசட்டில் நடந்த குடித்தனம். இவன் ஒரு பக்கம் பேசி, லீவில் போகிறவன் பெட்டியில் வைத்து அனுப்புவான். அவள் மறு பக்கத்தில் பேசி அனுப்புவாள். அவள் கேட்ட கேள்விக்கு இவன் பதில் போய்ச் சேர்வதற்குள் அவளுக்குக் கேள்வியே மறந்திருக்கும். ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டார்கள். அது முடிய ஒரு வருஷம் ஆனது.

இப்படி இருக்கும்போதுதான் தொண்ணூற்றாறாம் வருஷம் போலந்து குறுக்கே வந்தது.

புதிய சூளையை நிறுவிக் கொடுக்க வந்த இஞ்சினியர் ஒரு போலந்துக்காரன். பெயர் ஸ்பிஷெக். அது வாயில் நுழையாததால் நம்மவர்கள் சுப்பி ஷேக் ஆக்கிவிட்டார்கள். ஷேக் என்று காதில் விழுந்ததும் பெஷாவர்க்காரர்கள் ஸலாம் சொன்னார்கள், அவனும் பதில் ஸலாம் சொன்னான். அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் மூன்று வருஷம் சைட்டில் கிடந்து இந்தி பிடித்திருந்தான். வீரபாண்டிக்கும் அதே சைட் இந்திதான். அங்கங்கே தமிழும் விழுகிற, இலக்கணத் தொல்லை இல்லாத அந்தப் பாஷையில் இரண்டு பேரும் சூளைக்குப் பக்கத்தில் நின்று உலக விஷயமெல்லாம் பேசினார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சுப்பி ஷேக் சொன்னான், "பாண்டி, மேரா காவ் மே நயா ஃபேக்டரி. சேம் பட்டி. ஆத்மி மாஃபி. தும் ஆவ்."

அவன் ஊரில் இதே சூளை வைத்து ஒரு புது ஆலை, தீ பார்க்க ஆள் இல்லை, நீ வா என்கிறான். வீரபாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினான். எந்த நாட்டில் தீ பார்த்தால் என்ன, சுடத்தான் போகிறது.

"பீவி பி ஆயேகா. கம்பெனி கர் தேகா" என்றான் சுப்பி ஷேக். பெண்டாட்டியும் வரலாம், கம்பெனி வீடு கொடுக்கும்.

வீரபாண்டி பிசைவதை நிறுத்தினான். "பீவியா? சச் பாத்?"

"சச் பாத். பீவி இல்லாம அங்கே குளிர்ல ஆத்மி கலாஸ்."

போலந்துக் கம்பெனிக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆள் போலிஷ் மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறான் என்று ஒரு சான்றிதழ். படித்து முடித்திருக்க வேண்டாம், சேர்ந்தால் போதும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் சுப்பி ஷேக் ஊருக்குக் கிளம்புகிறான், சான்றிதழைக் கையோடு கொண்டுபோனால் விசா வந்துவிடும். நோன்புகூட இன்னும் தொடங்கவில்லை, மாதக்கணக்கில் நேரம் இருந்தது. சேர்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று வீரபாண்டி நினைத்தான். சாமி வரம் கொடுத்தாயிற்று. பூசாரி என்று ஒருவன் இருப்பான் என்பது அந்த மனுஷனுக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, காசு போனால் போகட்டும் என்று ஊருக்கு போன் போட்டு நாகஜோதியிடம் சொன்னான். கமுதி எஸ்.டி.டி. பூத்தில் நின்று அவள் நிஜந்தானா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "அங்க ரொம்பக் குளிருமாமே, உங்களுக்கு ஸ்வெட்டர் பின்னட்டா?" என்று கேட்டாள். கமுதியில் கம்பளி நூல் எங்கே விற்கும் என்று இவன் கேட்கவில்லை.

*

போலிஷ் என்று பலகையில் எழுதியிருந்த இடம் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. நக்கீல் கடைத்தெருவில், ஒரு ஷவர்மா கடைக்கு மேல் மாடியில், 'கோல்டன் டங் இன்டர்நேஷனல் லாங்குவேஜ் இன்ஸ்டிடியூட்'. தங்க நாக்கு. பலகையில் முப்பது மொழிகளின் பெயர்கள் இருந்தன. அதில் இரண்டு, நாடுகளின் பெயர்.

வரவேற்பில் சப்ரீனா என்ற பெண் இருந்தாள். காயல்பட்டினத்துக்காரர் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை ஆங்கிலத்தில் நனைத்துப் பேசினாள். நல்ல பிள்ளை. முதலாளி சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும்போது மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள்.

"எந்தப் போலிஷ் அங்கிள்?"

"பேசுற போலிஷ்தாம்மா."

"இல்ல அங்கிள், நம்மகிட்ட ஒன்பது டைப் இருக்கு. ஜெனரல், பிசினஸ், எக்ஸிக்யூட்டிவ், போலிஷ் ஃபார் ஃபாரினர்ஸ்..." அவள் ஒன்பதையும் சொன்னாள்.

"ஃபாரினர்ஸ்னா வெளிநாட்டுக்காரவங்களுக்குத்தானே? அதையே போடும்மா."

சப்ரீனா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்களா செலக்ட் பண்ண முடியாது அங்கிள். டாக்டரைப் பார்க்கணும்."

டாக்டர் என்றது இயக்குநர் டாக்டர் கௌஸ் முகம்மதுவை. கீழக்கரைக்காரர். என்ன டாக்டர் என்று கேட்டவர்களுக்கு அவர் சிரிப்பையே பதிலாகக் கொடுப்பார், அது நல்ல சிரிப்பு. ஏ.சி. அறையில் கோட்டு போட்டு, அந்தக் கோட்டுக்காக ஏ.சி.யை இன்னும் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க தம்பி. உலகத்துல பாதிப் பேர் கெட்டுப்போனது படிக்காததால இல்ல. தப்பான கோர்ஸைப் படிச்சதால. அதனால நம்ம இன்ஸ்டிடியூட்ல அவசரப்பட்டு யாரையும் படிக்க விடறதில்ல. நீங்க ஃபாரினரா?"

"ஆமாங்கய்யா. பதினோரு வருஷமா."

"எந்த நாட்டுக்கு?"

வீரபாண்டி யோசித்தான். ஊருக்குப் போனால் ஃபாரின்காரர் என்கிறார்கள். இங்கே வந்தால் ஹிந்தி, அதாவது இந்தியாக்காரன் என்கிறார்கள். மொத்தத்தில் எங்கே நின்றாலும் தான் வெளிநாட்டான்தான் என்று அவனுக்குப் பட்டது. ஆனால் அதற்குத் தாளில் ஆதாரம் இல்லை.

"போலந்துக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லைங்கய்யா."

"போலந்துக்குப் போகாத ஆளு போலந்துக்கு எப்படித் தம்பி ஃபாரினர் ஆக முடியும்? அங்க போய் எறங்கி, பாஸ்போர்ட்டுல ஃபாரினர்னு முத்திரை வாங்கிட்டு வாங்க. உடனே சேர்த்துக்கறேன்."

"அங்க போறதுக்குத்தானேங்கய்யா இந்தக் கோர்ஸு?"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று டாக்டர் வருத்தப்பட்டார். பிறகு இரக்கம் வந்து லேபர் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "கொத்தனாரா? அட, முதல்லயே சொல்லக் கூடாதா? கொத்தனாருக்குன்னு தனிப் போலிஷ் இருக்கு. பாடத்திட்டம் தயாராகிக்கிட்டிருக்கு, ரெண்டு வருஷத்துல வந்துரும்."

வீரபாண்டி, தான் கொத்தனார் இல்லை, சூளைக்காரன் என்றான். டாக்டரின் சிரிப்பு சட்டென்று அணைந்தது.

"அரசாங்கம் கொத்தனார்னு சொல்லுது. நீங்க இல்லைங்கிறீங்க. மொழியில முதல் பாடமே உண்மை பேசறதுதான் தம்பி."

கடைசியில் ஒரு வழி சொன்னார். கொத்தனாரா, சூளைக்காரரா, வெளிநாட்டாரா என்ற சிக்கலெல்லாம் உள்ளவர்களுக்கென்றே ஒரு வகுப்பு நடக்கிறது. பெயர், 'கோர்ஸ் தேர்ந்தெடுக்கும் அடிப்படைப் பயிற்சி'. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு. அதை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் எந்தப் போலிஷ் தனக்கு ஏற்றது என்று மாணவன் தானே தெரிந்துகொள்வான். வீரபாண்டி பணத்தைக் கட்டினான். பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு இதுதான் வழியென்றால் டாக்டர் தலைகீழாக நடக்கச் சொன்னாலும் நடந்திருப்பான்.

ரூமில் சோலைமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். "ஏ மாப்ள, பொண்ணு பார்க்கப் போறதுக்கு ஒரு காலேஜா?"

*

வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஃபிரெஞ்சைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார், ஒருவர் ஜெர்மனை. டாக்டரே பாடம் எடுத்தார். முதல் வாரம் 'தேர்வு என்றால் என்ன'. இரண்டாம் வாரம் 'தேர்வின் வரலாறு'. மூன்றாம் வாரம் செய்முறை. எல்லோரையும் கீழே ஷவர்மா கடைக்கு அழைத்துப் போய், டீயா காப்பியா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். வீரபாண்டி "டீ" என்றான். பூஜ்யம் போட்டார்.

"பாத்தீங்களா, கேட்ட உடனே சொல்லிட்டாரு. டீயில எத்தனை வகை இருக்குன்னு விசாரிச்சாரா? காப்பியோட ஒப்பிட்டாரா? இப்படிப்பட்டவர்தான் நாளைக்குத் தப்பான போலிஷ்ல போய் விழுவார்."

முழு மதிப்பெண் வாங்கியது மலப்புரத்து ஆள் ஒருவர். பதிலே சொல்லாமல் நின்று, கடை மூடும் நேரத்தில் தாகத்தோடு திரும்பிப் போனார்.

இப்படியே நோன்பு மாதம் வந்து, கழிந்து, ஈகைப் பெருநாளும் போய்விட்டது. வகுப்பு மட்டும் முடிகிற வழியாக இல்லை. சுப்பி ஷேக் தினமும் கேட்டான், "ஜாயின் ஹோ கயா?" வீரபாண்டி தினமும் சொன்னான், "தோடா பாக்கி." என்ன பாக்கி என்று அவனுக்குப் புரியவைக்க வீரபாண்டியால் முடியவில்லை. சைட் இந்தியில் அதற்குச் சொல் கிடையாது. எந்த மொழியிலும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

"அச்சா, நான் சொல்லித் தர்றேன்" என்று ஒரு மத்தியானம் சுப்பி ஷேக் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தான். வீரபாண்டி ஒரு கேசட் கொடுத்தான். சூளைச் சத்தம் விழாத ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, வணக்கம், தண்ணீர், ரொட்டி, குளிர் என்று ஒவ்வொன்றாக நிதானமாகப் பேசிப் பதிந்தான். ஒவ்வொன்றுக்கும் இந்தியில் அர்த்தம் சொன்னான், அதை வீரபாண்டி தமிழில் சொல்லிப் பதிந்தான். கடைசியில் சுப்பி ஷேக் விரலை உயர்த்தினான்.

"இது தேரி பீவிக்கு. ஏர்போர்ட்ல போலீஸ் கேக்கும், க்யூன் ஆயா, ஏன் வந்தே? அவ சொல்லணும், ப்ஷியெஹாவம் தோ மென்ஷா."

அர்த்தம் கேட்டபோது, 'என் புருஷனிடம் வந்திருக்கிறேன்' என்று சொன்னான். வீரபாண்டி அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தான். கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பெருமூச்சு பதிவானதற்குப் பிறகுதான் தமிழ் பதிவானது.

அடுத்த வெள்ளிக்கிழமை, வகுப்பு தொடங்குமுன் சப்ரீனாவிடம் பெருமையாக ஒரு போலிஷ் வணக்கம் வைத்தான். அது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வீட்டில் சாராயப் பாட்டிலைக் கண்டுபிடித்த தகப்பன் முகம் அவருக்கு.

"இதை யார் சொல்லிக் கொடுத்தா?"

"கம்பெனி இஞ்சினியருங்க. போலந்துக்காரரு."

"போலந்துக்காரன் பேசுறது போலிஷே இல்ல தம்பி. அவன் பழக்கதோஷத்துல பேசுறான். நாம பாடத்திட்டப்படி பேசுறோம். மீன் நீந்துது, அதுக்காக மீன்கிட்டயா நீச்சல் சர்டிபிகேட் வாங்குவீங்க? உங்க காது கெட்டுப்போச்சு. இனி நீங்க எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது சுயமான தேர்வு இல்ல."

தண்டனையாக இரண்டு வாரம் கூடுதல் வகுப்பு. பெயர் காது சுத்திகரிப்பு. ஒரு இருட்டறையில் காதில் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, ஒன்றும் பதியாத கேசட்டை ஓடவிட்டார்கள். தெரிந்த போலிஷை மறந்துவிட்டதாக எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். அந்தக் கேசட் இனி அவன் வசம் இருக்கக் கூடாது என்றார் டாக்டர். இருந்தால் வகுப்பிலிருந்து பெயரை அடித்துவிடுவார்களாம்.

தூக்கிப் போட மனம் வரவில்லை. சோலைமுத்து இருபது நாள் லீவில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சோப்புக்கும் டால்கம் பவுடருக்கும் நடுவில் வைத்து, "நாகஜோதிகிட்ட குடுத்துரு மாப்ள, சும்மா வச்சிருக்கட்டும்" என்று கொடுத்தனுப்பினான். கேசட் கையை விட்டுப் போனதும் அவன் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகப் பிற்பாடு தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

*

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது சுப்பி ஷேக்கின் பொறுமை தீர்ந்தது. எண்ணெய்க் கறைச் சட்டையோடு வீரபாண்டியையும் கூட்டிக்கொண்டு தங்க நாக்கின் மாடிப்படி ஏறினான். டாக்டர் எழுந்து கை கொடுத்தார். வெள்ளைத்தோல் என்றால் அவர் எழுந்திருப்பது வழக்கம்.

"இந்த ஆளைச் சேர்த்துக்கொள். எங்கே உன் போலிஷ் வாத்தியார்?" என்று சுப்பி ஷேக் தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டான்.

டாக்டர் பெருமையாக ஆங்கிலத்தில் ஒரு பதில் சொன்னார். பிறகு வீரபாண்டியின் பக்கம் திரும்பி அதையே தமிழிலும் சொன்னார்.

"வாத்தியார் எதுக்குத் தம்பி? தேர்ந்தெடுத்து முடிச்சவங்களுக்குத்தானே வாத்தியார்? ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. அல்ஹம்துலில்லாஹ், இதுவரைக்கும் போலிஷை ஒருத்தரும் தேர்ந்தெடுத்து முடிக்கலை. அவ்வளவு கவனமாச் சொல்லிக் கொடுக்கறோம்."

சுப்பி ஷேக், வாத்தியார் இல்லையென்றால் கிளம்புகிற வரைக்கும் தானே வந்து இலவசமாகப் பாடம் எடுப்பதாகச் சொன்னான். டாக்டர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். ஆனால் இங்கே போலிஷ் கற்பிப்பவர் இங்கே போலிஷ் லெவல் டெஸ்ட் எழுதித் தேறியிருக்க வேண்டும். விதி விதிதான்.

சுப்பி ஷேக் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து எழுதினான். கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. போலந்தின் தேசியப் பறவை எது, நீங்கள் போலிஷ் படிக்க விரும்புவது ஏன், மூன்று காரணங்கள் கூறுக. அவன் எல்லாவற்றுக்கும் போலிஷில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினான். டாக்டர் சிவப்புப் பேனாவால் திருத்தினார். ஒரு வரி விடாமல் திருத்தினார். அந்த மொழியின் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமல் அவ்வளவு தைரியமாகத் திருத்துவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும், அது அவருக்கு இருந்தது.

"சாரி மிஸ்டர். லெவல் பூஜ்யம். உங்களுக்குச் சரிப்படறது போலிஷ் ஃபார் ஃபாரினர்ஸ். ஆனா அதை நீங்களா செலக்ட் பண்ண முடியாது. சப்ரீனா, இவருக்கு வெள்ளிக்கிழமை வகுப்புல ஒரு சீட்டு போடும்மா."

சுப்பி ஷேக் இன்னொரு தடவை சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை, சப்ரீனா சிரிக்கவில்லை, வீரபாண்டியும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது போலிருக்கிறது. படியிறங்கும்போது வீரபாண்டியின் தோளைப் பிடித்து, "பாண்டி, யே ஆத்மி பாகல், பைத்தியம்" என்றான். அதற்கு வீரபாண்டி சொன்ன பதிலை நான் மறைக்க விரும்பவில்லை. அவன் சொன்னான், "நை ஷேக். ரூல்ஸ்."

படிக்கும் இடத்துக்கு வந்தவனை இப்படித்தான் படிய வைப்பார்கள்.

பெருநாள் கழிந்து சுப்பி ஷேக் விமானம் ஏறினான். ஆலைக்காரர்களிடம் பேசி இன்னும் கொஞ்ச நாள் இடத்தைப் பிடித்து வைக்கிறேன், சீக்கிரம் சேர் என்று சொல்லிவிட்டுப் போனான். வீரபாண்டி வெள்ளிக்கிழமைகளில் நாகஜோதியிடம், "நடந்துக்கிட்டிருக்கு" என்று சொன்னான். அவள் ஸ்வெட்டர் கைவரைக்கும் வந்துவிட்டது என்றாள்.

*

பட்டமளிப்பு விழா ஆகஸ்டில் நடந்தது. ஒரு கேரளா ஹோட்டலின் மாடி ஹாலில் மேடை போட்டு, பிளாஸ்டிக் பூ வைத்து, ஒரு கார்கோ கம்பெனி முதலாளியைச் சிறப்பு விருந்தினராக உட்காரவைத்திருந்தார்கள். மாணவர்களுக்குக் கறுப்பு அங்கி. அது அங்கியில்லை, பெண்கள் போடுகிற அபாயா தைக்கிற கடையில் வாடகைக்கு எடுத்தது என்று சோலைமுத்து அடித்துச் சொன்னான்.

டாக்டர் பேசினார். "இன்றைக்கு நம் சரித்திரத்தில் பொன்னாள். முதன்முதலாக ஒரு மாணவர் போலிஷைத் தேர்ந்தெடுக்கும் தகுதி பெற்றிருக்கிறார். மொழியை எவன் வேண்டுமானாலும் படிக்கலாம். குழந்தைகூடப் படிக்கிறது. படிக்காமல் பொறுமையாக இருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை எங்களைப் போலக் கொடுக்க உலகத்தில் வேறு நிறுவனம் இல்லை என்று நான் சவால் விடுகிறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் வீரபாண்டியை மைக் முன்னால் நிறுத்தி, "தேர்ந்தெடுங்கள்!" என்றார்.

வீரபாண்டி கற்றுக்கொண்டபடி ஒன்பது வகையையும் மனதுக்குள் ஒப்பிட்டான். விசாரிப்பது போல மேலே பார்த்தான். முழு மதிப்பெண் கிடைக்கும் அளவுக்குத் தாமதித்துவிட்டு, "போலிஷ் ஃபார் ஃபாரினர்ஸ்" என்றான்.

ஹால் எழுந்து நின்று தட்டியது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் நாள் வரவேற்பில் நின்று சொன்ன அதே பதில்தான் என்பது வீரபாண்டிக்கும் சப்ரீனாவுக்கும் மட்டும் தெரியும். அவள் கண்ணைத் தாழ்த்தியிருந்தாள்.

விழா முடிந்து பிரியாணிக்கு உட்கார்ந்தபோது, வகுப்பு எப்போது தொடங்கும் என்று வீரபாண்டி கேட்டான். "எந்த வகுப்பு? ஃபாரினர்ஸா? அதைப் போன மாசமே எடுத்துட்டோம் தம்பி. மூணு வருஷமா ஒருத்தரும் தேர்ந்தெடுக்காத கோர்ஸை எத்தனை நாள் வச்சிருக்கிறது?" என்று டாக்டர் தன் இலையில் இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்து வைத்துக்கொண்டார்.

மறு வாரம் கம்பெனி ஆபீசுக்கு ஒரு ஃபாக்ஸ் வந்தது. சுப்பி ஷேக் அனுப்பியது. ஆலைக்காரர்கள் இனிக் காத்திருக்க மாட்டோம் என்று ஒரு துருக்கிக்காரனை எடுத்துவிட்டார்கள், மன்னித்துக்கொள். அவன் மன்னிப்புக் கேட்டான். கேட்க வேண்டியவர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏ.சி.யில் இருந்தார். அன்று வீரபாண்டி சூளை முன்னால் நின்று அழுதான். அந்த வெக்கையில் முகத்தில் வழிவது எது என்று யாரும் கேட்பதில்லை, அது ஒன்றுதான் அந்த வேலையில் உள்ள வசதி.

பட்ட காலிலே படும் என்பார்கள். செப்டம்பரில் கம்பெனி பழைய ஆட்களைக் குறைத்தது. விசா கேன்சல். ஊருக்குப் போகலாம், போய் நாகஜோதியோடு இருக்கலாம். என்னத்தைத் தின்று இருப்பது? வேறு கபீல் கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். எங்கெங்கோ அலைந்துவிட்டு, தங்க நாக்கின் மாடிப்படியைத்தான் கடைசியில் ஏறினான். ஏனென்று கேட்டால் அவனுக்கே தெரியாது. மாட்டுக்குப் பழகின தொட்டி.

டாக்டர் அவனைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். சப்ரீனாவுக்குக் கல்யாணமாகி அவள் வேலையை விட்டுவிட்டாளாம். வரவேற்பில் அவள் உட்கார்ந்திருந்த ஆலோசகர் நாற்காலி காலி. "போலிஷைத் தேர்ந்தெடுக்கச் சர்டிபிகேட் வாங்கின ஒரே ஆளு இந்த எமிரேட்ஸ்ல நீங்கதான். உங்களை விட்டா யாரு தம்பி?"

வீரபாண்டிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஆபீஸ் விசாங்களாய்யா? ஃபேமிலி கூட்டியாற முடியுமா?" என்று கேட்டான்.

டாக்டர் மேசை இழுப்பறையைத் துழாவினார். கையில் இருந்தது ஒரே ஒரு விசாதான். கொத்தனார் விசா.

*

கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு மாலை சோலைமுத்து தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். அவனையும் கம்பெனி நிறுத்தப் போகிறதாம், இத்தாலிக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

"மாப்ள, இத்தாலி பாஷை படிக்கணும். சட்டுனு சேத்துவிடு."

வீரபாண்டி கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "எந்த இத்தாலி பாஷை?" என்றான்.

சோலைமுத்து சிரிக்கப் பார்த்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வகுப்புக்கு முன்னால் வீரபாண்டி தெருமுனை பூத்துக்குப் போய்க் கார்டைச் செருகினான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தான். போன வெள்ளியும் அப்படித்தான் வந்தான். ஆலை போனது, ஃபாக்ஸ் வந்தது, தான் இப்போது என்னவாக உட்கார்ந்திருக்கிறான் என்பது ஒன்றுமே அவளுக்குத் தெரியாது.

"ஏங்க, உங்களுக்கும் எனக்கும் ஸ்வெட்டர் ரெண்டும் முடிஞ்சிருச்சு" என்றாள் நாகஜோதி. "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் நின்ற பூத்தில் பின்னால் யாரோ பேசுவது கேட்டது, அவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது போல, அழுத்தம் திருத்தமாக, சுப்பி ஷேக் எங்கெங்கே மூச்சு விட்டானோ அங்கங்கே மூச்சு விட்டுச் சொன்னாள்.

"ப்ஷியெஹாவம் தோ மென்ஷா."

வீரபாண்டி ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"சோலைமுத்து அண்ணன் குடுத்த கேசட்டுங்க. தெனமும் அடுப்படியில போட்டுக் கேக்கேன். முழுசும் மனப்பாடம். எறங்குனதும் போலீஸு கேட்டா இதத்தானே சொல்லணும்? சரியாச் சொல்றேனா?"

தங்க நாக்கு தொடங்கிய நாளிலிருந்து அதன் தயவில் போலிஷ் கற்றுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். காது சுத்திகரித்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும், வீரபாண்டிக்கு அந்த வாக்கியம் மறந்திருக்கவில்லை. அர்த்தமும் மறந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். இரண்டு மாதமாகப் பழகிய வாய்.

"அத இப்பச் சொல்ல முடியாது ஜோதி" என்றது அது. "மொதல்ல லெவல் டெஸ்ட் எழுதணும்."

வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்து நாகஜோதி சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள், இவன் ரிசீவரைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்.

"டெஸ்ட்டு எப்பங்க?"